மலைப் பயணத்தில் வரும் படபடப்பு: குடும்பத்தோடு இருக்கும்போது எப்படிச் சமாளிப்பது?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் ஒரு தங்கும் விடுதி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கணவர், பிள்ளைகள் இருவர், மாமியார், நாத்தனார் குடும்பம் என்று ஒரு வேன் நிறைய ஆட்களாகத் திருச்சியிலிருந்து வந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வரை இங்கேதான் இருப்போம். மற்றவர்கள் எல்லோரும் சிம்ஸ் பூங்காவுக்குப் போயிருக்கிறார்கள். தலைவலி என்று சொல்லி நான் மட்டும் அறையில் தங்கிவிட்டேன். உண்மையில் எனக்குத் தலைவலி இல்லை.

சில மாதங்களாக எனக்கு நினையாத நேரத்தில் படபடப்பு வருகிறது. நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்ளும், மூச்சு முழுதாக உள்ளே போகாதது போலவே இருக்கும், உள்ளங்கை வியர்க்கும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரத்துப்போகும், இப்போதே ஏதோ ஆகிவிடப்போகிறது என்ற பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் பகுதி மருத்துவர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை, இது மனப்பதற்றம் என்றார். மனநல மருத்துவர் ஒருவரையும் பார்க்கச் சொன்னார். ஊர் திரும்பியதும் போவதாக இருக்கிறேன். இப்போது நான் எந்த மாத்திரையும் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் என்றால் படபடப்பு வரும்போது துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அடங்கிய பிறகு கீழே இறங்கி வருவேன். இங்கே அப்படி ஒதுங்க இடமே இல்லை. இரண்டு அறைகளில் எல்லோரும் கலந்து படுக்கிறோம். எங்கே போனாலும் யாராவது கூட வருகிறார்கள். வரும் வழியில் கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்ப்பதற்காக வண்டிகள் வரிசையாக நின்றபோதே எனக்கு உள்ளுக்குள் தொடங்கிவிட்டது. மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வைத்திருக்கும் எண் பலகையை என் மகள் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். மொத்தம் 14 வளைவுகள் என்பதால், இன்னும் எத்தனை மீதி என்ற கணக்கு என் மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்சில் நாடித்துடிப்பு 128 என்று காட்டியது. அதைப் பார்த்ததும் இன்னும் ஏறியது. எனக்கு வாந்தி வருகிறது போலும் என்று எண்ணிய மாமியார், தைலத்தை எடுத்து என் நெற்றியில் தேய்த்து, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார். அவர் அன்பாகச் செய்தார். ஆனால் எல்லோரும் திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தன.

நாளைக்கு உதகைத் தாவரவியல் பூங்காவும் தொட்டபெட்டாவும், மறுநாள் டால்பின் மூக்கும் என்று திட்டம். கூட்டத்தின் நடுவிலோ சிகரத்தின் மேலோ படபடப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே நினைத்து நினைத்துச் சோர்ந்துவிட்டேன். இங்கு வந்த பிறகு அடிக்கடி வருவதற்கு இந்த உயரமும் ஒரு காரணமா? போகாமல் அறையிலேயே இருந்துவிடுவது நல்லதா, அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவது நல்லதா? கணவரிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். மாமியாரிடமும் பிள்ளைகளிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் இந்தப் பயணத்துக்காக வெகு நாட்களாக ஆசைப்பட்டுக் காத்திருந்தவர். என்னால் அது கெட்டுப்போகக் கூடாது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை. இந்த நிலையைக் கடந்து வந்தவர்களும் விவரம் தெரிந்தவர்களும் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


கோத்தகிரி மகள்:

வணக்கம் சகோதரி. நான் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டு மாடி அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். கீழ்நாட்டிலிருந்து வந்து இறங்கும் விருந்தினர்களில், முதல் நாள் சாயங்காலம் முகம் வெளுத்து, யாரோடும் பேசாமல் வாசற்படியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் உங்களைப் போலவே உள்ளுக்குள் வைத்துக்கொண்டு தவிப்பவர்கள். ஆகவே, நீங்கள் ஒருவர் மட்டும் இப்படி இருப்பதாக எண்ண வேண்டாம்.

மருத்துவம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஊரைப் பற்றியும் பாதையைப் பற்றியும் சொல்கிறேன். கோடை விடுமுறைக் காலத்தில் தாவரவியல் பூங்காவில் முற்பகல் பத்து மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும். நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்திலேயே வெகுநேரம் நிற்க வேண்டிவரும். காலையில் திறந்தவுடன் உள்ளே போய்விடுவது நல்லது. அங்கே எல்லோரும் முன்பக்கத்துப் புல்வெளியிலும் கண்ணாடி மாளிகையிலும்தான் மொய்த்துக்கொண்டிருப்பார்கள். பூங்கா மலைச்சரிவில் அடுக்கடுக்காக மேலே ஏறிக்கொண்டே போகும். மேல் அடுக்குகளில் பெரிய மரங்களும் உட்காரக் கல் பெஞ்சுகளும் உண்டு, ஆட்களும் குறைவு. பிள்ளைகள் கீழே விளையாடட்டும். நீங்களும் கணவரும் மேலே போய் உட்காரலாம். ஒதுங்க இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். நம் மலையில் ஒதுங்க இடம் நிறைய இருக்கிறது. கூட்டத்தை விட்டு ஐம்பது அடி நடந்தால் போதும்.

டால்பின் மூக்குக்குப் போகும் பாதை தேயிலைத் தோட்டங்களின் ஊடே போகும் குறுகலான பாதை. பகல் நேரத்தில் எதிரெதிரே வேன்கள் வந்து சிக்கிக்கொண்டால் நகர முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். வண்டி நகராமல் நின்றபோதுதான் உங்களுக்குத் தொடங்கியது என்கிறீர்கள். எனவே அங்கேயும் காலையிலேயே போய்விட்டுத் திரும்பிவிடுங்கள். போகும் வழியில்தான் லேம்ஸ் ராக் என்ற காட்சிமுனை இருக்கிறது. டால்பின் மூக்கு வரை போக மனம் வராவிட்டால், அங்கேயே இறங்கிக்கொண்டு மற்றவர்கள் திரும்பும்வரை காத்திருக்கலாம். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாதை கண்ணுக்குத் தெரிந்தால் வளைவு வருவதை உடம்பு முன்கூட்டியே அறிந்துகொள்ளும். தலைசுற்றலும் குமட்டலும் பாதியாகக் குறையும். பின்னிருக்கையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருவதுதான் எல்லாவற்றையும்விடக் கெடுதல். ஓட்டுநரிடம் புறப்படுவதற்கு முன்பே, "அண்ணா, நான் கேட்டால் அகலமான இடம் பார்த்து ஐந்து நிமிடம் நிறுத்துங்கள்" என்று சொல்லி வையுங்கள். மலை ஓட்டுநர்களுக்கு இது பழக்கமானதுதான். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விடுமுறைக் காலத்தில் பொதுவாகக் குன்னூர் வழியாக மேலே ஏறவும், கோத்தகிரி வழியாகக் கீழே இறங்கவும் வண்டிகளை ஒருவழியாகத் திருப்பிவிடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பெரும்பாலும் எங்கள் ஊர் வழியாகத்தான் இறங்குவீர்கள். இறங்கும்போது வண்டி இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டே வரும். பிரேக் கோளாறு என்று நினைத்துச் சிலர் அந்தச் சத்தத்துக்குப் பயந்துபோகிறார்கள். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்காகத்தான் ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார். அந்தச் சத்தம் கேட்கிற வரையில், ஓட்டுநர் பொறுப்பாக வண்டியை இறக்குகிறார் என்று பொருள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை இருப்பதால் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். வீட்டு எவர்சில்வர் பாட்டிலில் வெதுவெதுப்பான நீர் எடுத்துக்கொள்ளுங்கள்.


நலம்விரும்பி:

என் தங்கைக்கும் இதே தொந்தரவு உண்டு. வெளியூர் போகும்போதெல்லாம் அல்பிராசோலம் மாத்திரையில் பாதியைப் போட்டுக்கொள்வாள்; வழி முழுக்க நிம்மதியாகத் தூங்கிவிடுவாள். குன்னூரில் தெரிந்த மருந்துக்கடை ஏதாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.


நாமக்கல் மருத்துவர்:

வணக்கம். நான் பொதுநல மருத்துவர். முதலில் மேலே உள்ள யோசனைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சகோதரி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அல்பிராசோலம் மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொருவர் போட்டுக்கொள்வது எந்த நோயிலும் தவறு. இந்த மாத்திரையில் கூடுதல் ஆபத்தும் உண்டு. தொடர்ந்து எடுத்தால் அது இல்லாமல் இருக்க முடியாத நிலை வரும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். மலையேறும் முன் வாந்திக்காகப் பலர் போடும் மாத்திரைகளும் தூக்கத்தைத் தருபவை என்பதால், இரண்டும் சேர்ந்தால் நிற்கக்கூட முடியாத மயக்கம் வரும். அதேபோல் நெஞ்சுப் படபடப்புக்குத் தரப்படும் புரோபிரனலாலை ஆஸ்துமா உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. பதற்றத்துக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. உங்களைப் பரிசோதித்த மருத்துவர் ஒருவர்தான் அவற்றை எழுதித் தர வேண்டும். இங்கே படிப்பவர்களில் ஏற்கெனவே தினசரி மாத்திரை எடுப்பவர்கள் யாரேனும் இருந்தால், சுற்றுலா என்பதற்காக ஒரு வேளைகூட விட்டுவிடாதீர்கள். பதற்றத்துக்குத் தரப்படும் எஸ்சிடாலோபிராம், செர்டிரலின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் புதிய பதற்றமும் வரும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உயரமும் ஒரு காரணமா என்று கேட்டிருந்தீர்கள். ஓரளவுக்கு ஆம். நீங்கள் பயப்படும் வகையில் அல்ல. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,850 மீட்டர் அளவில், உதகை 2,240 மீட்டர் அளவில், தொட்டபெட்டா 2,637 மீட்டர். இரண்டு மூன்று மணி நேரத்தில் இவ்வளவு உயரம் ஏறும்போது காற்றின் அழுத்தம் குறைகிறது. உதகையில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சற்றுக் குறைவதால் உடல் தானாகவே மூச்சின் வேகத்தையும் நாடித்துடிப்பையும் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறது. படியேறினால் சமவெளியில் இருப்பதைவிட விரைவாக மூச்சு வாங்கும். இது எல்லோருக்கும் நடப்பது. உங்கள் நாத்தனாருக்கும் அவர் கணவருக்கும்கூட நடந்திருக்கும். அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. நீங்கள் சில மாதங்களாக உங்கள் நெஞ்சையும் மூச்சையும் காவல் காத்துக்கொண்டே இருப்பதால், அந்தச் சிறு மாற்றம் உங்களுக்கு ஆபத்தின் அறிகுறியாகத் தெரிகிறது. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேலே தங்குபவர்களுக்குத்தான் வருகிறது. தொட்டபெட்டாவில் சிறிது நேரம் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு இறங்குவதால் உங்களுக்குத் தீங்கு எதுவும் இல்லை.

உயரத்தோடு வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன. அதிகாலையில் எழுந்து புறப்பட்டிருப்பீர்கள். புது இடத்தில் தூக்கம் சரியாக இருந்திருக்காது. வாந்தி வரும் என்று வெறும் வயிற்றோடு வந்திருப்பீர்கள். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று நிறுத்தும் இடத்திலெல்லாம் தேநீரோ காப்பியோ குடித்திருப்பீர்கள். காப்பியிலும் தேநீரிலும் இருக்கும் காஃபீன் படபடப்பைத் தூண்டும். பதற்றம் உள்ளவர்களுக்குச் சற்று அதிகமாகவே தூண்டும். நாளைக்குக் காலையில் ஒரு தேநீரோடு நிறுத்திக்கொண்டு, பிறகு சுக்குக் கஷாயமோ சூடான பாலோ குடியுங்கள். புறப்படும் முன் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள்.

உதடும் விரலும் மரத்துப்போவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பலரைப் பயமுறுத்துவது அதுதான். மூச்சு போதவில்லை என்று தோன்றும்போது நாம் நம்மையறியாமல் வேகமாகவும் பெரிதாகவும் மூச்சுவிடுகிறோம். அப்போது ரத்தத்தில் உள்ள கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. அதனால் ரத்தத்தின் காரத்தன்மை சற்றுக் கூடி, நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களும் கொஞ்சம் சுருங்குகின்றன. மரத்துப்போதல், தலை லேசாதல், கண் மங்குதல் எல்லாம் இதன் விளைவுகளே. காற்று போதாமல் இவை வருவதில்லை. மூச்சு அளவுக்கு மிஞ்சுவதால்தான் வருகின்றன. ஆகவே "நன்றாக மூச்சை இழுத்து விடு" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வதைக் கேட்டுப் பெரிது பெரிதாக இழுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மூக்கு வழியாக, மெதுவாக, சாதாரண அளவுக்கு, மனத்துக்குள் நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே விடுங்கள். ஆறு எண்ணும்வரை இன்னும் மெதுவாக வெளியே விடுங்கள். வெளியே விடும் நேரம் நீள வேண்டும் என்பதே முக்கியம். நான்கைந்து நிமிடங்கள் செய்தால் போதும். வாயில் காகிதப் பையை வைத்து மூச்சுவிடும் பழைய முறை வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்து அது பதற்றம் என்று தவறாக எண்ணப்பட்டிருந்தால், அந்த முறை ஆபத்தாக முடியும்.

இத்தகைய பதற்றம் பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும். மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம் அநேகமாக எல்லோருக்கும் வரும்; ஆனால் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருக்கும் என்பதால் மயக்கம் வருவது அரிது. எனவே வரும்போது நின்ற இடத்திலேயே நின்றோ உட்கார்ந்தோ, அது ஏறி இறங்கும்வரை இருக்க முயலுங்கள். உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்துவிட்டால், தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு, அந்த இடம் ஆபத்தானது என்ற பாடமும் மூளையில் பதிந்துவிடுகிறது. அடுத்த முறை அதைவிடச் சிறிய காரணமே போதும். கொஞ்சம் இறங்கிய பிறகு ஒதுங்கிப் போவதில் தவறில்லை. அறையிலேயே இருப்பதா, பல்லைக் கடித்துக்கொண்டு போவதா என்று கேட்டீர்கள். நான் சொல்வது இரண்டும் அல்ல. போங்கள், படபடப்பு வந்தால் வரட்டும் என்ற ஏற்பாட்டோடு போங்கள்.

உங்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். 128 என்பது பயந்திருக்கும் நேரத்தில் ஆரோக்கியமான இதயம் எளிதில் தொடும் எண்தான். அதைப் பார்ப்பது, பயப்படுவது, மறுபடி பார்ப்பது என்ற சுற்றில் உங்களுக்குக் கிடைப்பது பயம் மட்டுமே.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவது போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, உண்மையாகவே நினைவு தப்புதல், அரை மணி நேரத்துக்கு மேலும் குறையாத மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது இருந்தாலும் பதற்றம் என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. 108-ஐ அழையுங்கள். குன்னூரில் அரசு லாலி மருத்துவமனையும், உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. பேசித் தெளிய வேண்டும் என்று தோன்றினால், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.


காவிரிக்கரை:

மருத்துவர் ஐயாவுக்கும் கோத்தகிரிச் சகோதரிக்கும் மனமார்ந்த நன்றி. மரத்துப்போவதற்கான காரணத்தைப் படித்ததும் பாதிப் பயம் போய்விட்டது. ஏதோ பக்கவாதத்தின் தொடக்கம் என்றே நினைத்து, யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டேன்.

குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் இன்னும் குழப்பமாக இருக்கிறது. மாமியாரிடம் சொன்னால், பயணத்தை நிறுத்திவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்பார். அல்லது நாள் முழுவதும் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். மகளுக்கு ஒன்பது வயது. "அம்மா, உனக்கு இங்கே பிடிக்கவில்லையா?" என்று நேற்றிரவு கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.


மதுரைவாசி:

வணக்கம் சகோதரி. என் மனைவிக்கு இந்தத் தொந்தரவு உண்டு. சிகிச்சைக்குப் பிறகு இப்போது நன்றாக இருக்கிறார். கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக்கில், பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி எதிரே ஒன்றும் தெரியாமல் போன நேரத்தில், அவருக்குப் படபடப்பு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். கூட இருக்கும் குடும்பத்தார் செய்ய வேண்டியது என்ன என்பதை அவரிடம் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன். அதை எழுதுகிறேன், உங்கள் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியிருந்தது, பக்கத்தில் ஒரே ஒருவர். எல்லோரும் சூழ்ந்துகொண்டு "என்ன ஆயிற்று? என்ன செய்கிறது?" என்று கேட்பது தாங்க முடியாததாக இருக்கிறது என்றார். அதனால் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் என் கையை இரண்டு முறை அழுத்துவார். நான் மற்றவர்களிடம், "நீங்கள் முன்னால் போங்கள், நாங்கள் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம்" என்று சொல்லிவிடுவேன். பிறகு நாங்கள் இருவரும் அங்கேயே நிற்போம். நான் அவரிடம் எதையும் கேட்பதில்லை. கண்ணெதிரே இருப்பதைப் பற்றி மட்டும் மெதுவாகப் பேசுவேன். அந்த மரத்தில் எத்தனை கிளை, அந்தக் கடைக்காரர் சோளத்தை எப்படிச் சுடுகிறார், கைப்பிடிச் சுவர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்பது போல. அவர் கவனம் உடம்புக்குள்ளிருந்து வெளியே வந்து சேர அது உதவுகிறது. "ஒன்றுமில்லை, பயப்படாதே" என்று மட்டும் சொல்வதில்லை. ஒன்றுமில்லை என்றால் தன்னை நம்பவில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது. "வந்திருக்கிறது, இறங்கிவிடும், நான் இங்கேயே இருக்கிறேன்" என்றால் போதுமானதாக இருக்கிறது.

உங்கள் கணவரிடம் இன்று இரவே முழுதாகச் சொல்லிவிடுங்கள். அரைகுறையாகத் தெரிந்திருப்பதால்தான் அவரும் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் இருப்பார். மறைத்து வைப்பதற்காக நீங்கள் செலவிடும் உழைப்பு படபடப்பைவிட அதிகமாக உங்களைக் களைப்படையச் செய்கிறது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. தலைவலி என்று ஒரு காரணம், துணி காயப்போடுவது என்று ஒரு காரணம். ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துக் காப்பாற்றுவதே பெரிய வேலை.

மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் சொல்வது நல்லது. பெரியவர்களிடம் வெறுமனே "கவலைப்படாதீர்கள்" என்றால் கவலை கூடும். செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தால் மனம் அமைதியடையும். "அவளுக்கு அவ்வப்போது நெஞ்சு படபடக்கும், டாக்டர் பார்த்துவிட்டார், ஆபத்து இல்லை, சிறிது நேரத்தில் சரியாகிவிடும். அப்போது நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தால் அதுவே அவளுக்குப் பெரிய உதவி, அம்மா" என்று அவர் சொல்லட்டும். எலுமிச்சம்பழம் கொடுத்தவருக்கு உங்கள்மேல் இருக்கும் அக்கறையை அந்த வழியில் திருப்பிவிட்டால் இருவருக்கும் நல்லது.

மகளிடம் உண்மையைச் சிறிய சொற்களில் சொல்லுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு அம்மாவின் முகம் மாறுவது தெரியும். காரணம் தெரியாவிட்டால், தன்னால்தானோ என்று நினைத்துக்கொள்ளும். "அம்மாவுக்குச் சில நேரம் உடம்பு வீணாகப் பயந்துகொள்கிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடும், உன்னால் இல்லை, இந்த இடம் அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது" என்றால் போதும். எங்கள் மகனிடம் இப்படித்தான் சொன்னோம். அவன் கேட்ட அடுத்த கேள்வி, சோளம் வாங்கித் தருவீர்களா என்பது.

ஊருக்குத் திரும்பிவிடலாமா என்ற எண்ணம் வந்தால் அன்றிரவே முடிவெடுக்காதீர்கள். இரவில், களைப்பில், எல்லாம் பெரிதாகத் தெரியும்.


கோத்தகிரி மகள்:

ஒன்றை எழுத விட்டுவிட்டது. வேனை நினைத்தாலே பயமாக இருந்தால், குன்னூரிலிருந்து உதகைக்கு நீங்களும் மகளும் மலை ரயிலில் போகலாம்; மற்றவர்கள் வேனில் வந்து உதகை நிலையத்தில் சேர்ந்துகொள்ளட்டும். பல்சக்கரத்தின் உதவியோடு ரயில் ஏறும் செங்குத்தான பகுதியும் பெரும்பாலான குகைகளும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான் இருக்கின்றன. குன்னூருக்கு மேலே பாதை அவ்வளவு செங்குத்தாக இராது. ரயில் மெதுவாகப் போகும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நடுவில் நிலையங்கள் வந்துகொண்டே இருக்கும். வேண்டுமென்றால் இறங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணமே பலருக்குத் தைரியம் தருகிறது. விடுமுறைக் காலத்தில் இடம் கிடைப்பது கடினம் என்பதால் காலையிலேயே நிலையத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.


காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு கணவரிடம் முழுதும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, இவ்வளவு நாள் தனியாகவா தாங்கிக்கொண்டிருந்தாய் என்று மட்டும் கேட்டார். மாமியாரிடமும் அவரே பேசினார். தனக்கும் இளவயதில் பிரசவத்துக்குப் பிறகு இதே போல நெஞ்சு அடித்துக்கொண்டு, பேய்க்கோளாறு என்று மந்திரிக்க அழைத்துப் போனார்கள் என்று மாமியார் சொன்னார். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அது எனக்குத் தெரியாது.

ரயிலில் இடம் கிடைக்கவில்லை; வேனில் முன்னிருக்கையில் உட்கார்ந்துதான் உதகைக்குப் போனோம். தாவரவியல் பூங்காவில் நுழைவுச்சீட்டு வரிசையில் நிற்கும்போது படபடப்பு வந்தது. கணவரின் கையை அழுத்தினேன். மாமியார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆறு எண்ணி மூச்சைவிட்டுக்கொண்டு வரிசையிலேயே நின்றேன். முதலில் இன்னும் ஏறியது. ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. பிறகு இறங்கியது. முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடேயே பூங்காவுக்குள் போய் மேல் அடுக்கில் ஒரு மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். தொட்டபெட்டாவுக்கு நான் போகவில்லை. களைப்பாக இருக்கிறது என்று உண்மையையே சொல்லி வேனில் இருந்துகொண்டேன். அது தப்பித்து ஓடியதாகுமா, ஐயா? ஊர் போனதும் மனநல மருத்துவரிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.


நாமக்கல் மருத்துவர்:

ஆகாது, சகோதரி. வரிசையில் நின்று அது இறங்கும்வரை காத்திருந்தீர்களே, அதுதான் இந்த நோய்க்கான சிகிச்சையின் முக்கியமான பகுதி. ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்துவிட வேண்டியதில்லை. களைப்புக்காக ஓய்வெடுப்பது வேறு, பயத்துக்காக ஒதுங்குவது வேறு. எது எந்தச் சமயத்தில் என்பது உங்களுக்கே தெரியும்.

மருத்துவரிடம் போகும்போது, படபடப்பு எப்போது தொடங்கியது, எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அதற்குப் பயந்து எந்தெந்த இடங்களையும் வேலைகளையும் தவிர்க்கிறீர்கள் என்பவற்றைச் சுருக்கமாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். தூக்கம், மாதவிடாய், குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்ததா என்பதையும் கேட்பார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே போன்ற படபடப்பு வரும் என்பதால், தைராய்டுக்கான டிஎஸ்எச், ரத்தசோகைக்கான ஹீமோகுளோபின் பரிசோதனைகள் இதுவரை செய்யவில்லை என்றால் செய்துவிடுங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சைக்கு இதில் நல்ல பலன் உண்டு. மருந்து தேவைப்பட்டால் அது முழுமையாக வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முதல் சில நாட்களில் பதற்றம் சற்றுக் கூடுவது போலவும் தோன்றலாம். அதற்காக நிறுத்திவிட வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு எடுத்த ஈசிஜி தாளையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.